மரநாய் முடியும் ரெண்டு விரக்கடை கூந்தலும்

எங்கள் ஓட்டுக்கடியில் ஒரு மரநாய் குடியிருக்கிறது. பகலெல்லாம் அதன் தூக்கத்துக்குக் கீழேதான் எழுதுகிறேன். எழுத வராதபோது கிளியூர் மலைப்பாதையில் அலைகிறேன். பக்கத்து வீட்டம்மாவின் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது பழி நேராக அதன்மேல் விழுந்தது. அந்தம்மா எஸ்டேட் வேலை முடிந்து வந்த கையோடு, பழைய பைக் பிரேக் ஒயரை முறுக்கிக் கோழிக்கூண்டருகே கண்ணி வைத்துவிட்டார்.

எங்கள் பின்னறையில் ஓர் ஆராய்ச்சி மாணவி தங்கியிருந்தாள். எந்த விலங்கு எதைத் தின்று பிழைக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஓட்டு இடுக்கில் சிக்கிய மரநாய் முடியை எடுத்துவைத்திருந்தாள்.

“இத பரிசோதிச்சா தெரிஞ்சிரும்ங்க்கா. அதுவரைக்கும் கண்ணி வேண்டாங்க.”

“முடி பேசுமா கண்ணு?” பெண்கள் உதிர்ந்த முடியைச் சுருட்டிச் சொருகும் வேலி இடுக்கிலிருந்து, காலையில் தான் வைத்ததை உருவி நீட்டினார். “இதையும் போடு. நான் என்னத்தத் தின்னேன்னு சொல்லிப்புட்டீன்னா, ஒயர நானே அவுக்கறேன்.”

மாணவி எனக்கு விளக்கினாள்: காற்றின் கார்பனில் லேசானதும் உண்டு, கனமானதும் உண்டாம். சோளமும் கேழ்வரகும் கனமானதைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். நெல்லும் காபியும் பலாவும் அவ்வளவு வாங்காது. தின்றவர் முடியில் அந்த வித்தியாசம் அப்படியே தங்கிவிடும். நுனி பழைய நாள், வேர் இன்றைய நாள். கேட்டுவிட்டு வெளியே வந்தால் காட்டெருமை, குரங்கு, முள்ளம்பன்றி என்று மலை முழுக்கத் தன் தன் பந்தியை உடம்பிலேயே சுமந்து நடக்கிறது!

மழை விட்ட ஒரு சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது.

“மரநாய் காட்டுப் பழத்துல பொழைக்குதுங்க்கா. உங்க கோழி மக்காச்சோளம் தின்னு வளந்தது. கோழியே அதுக்குப் பொழப்புன்னா முடியில தெரிஞ்சிருக்கும். ஒன்னு ரெண்டு திருடியிருந்தாத் தெரியாதுங்க.”

“என்னுது?”

“அரிசிச் சோறுங்க. நடுவுல ரெண்டு விரக்கடை நீளம் மட்டும் வேற. கேவுரோ சோளமோ, சில மாசம்.”

அவர் வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார். “எங்கம்மா கடைசிக் காலத்துல படுத்த படுக்கையாக் கெடந்தாங்க. பாத்துக்க மலைக்குக் கீழ ஊருக்குப் போயிருந்தேன். தெனமும் கேவுருக் களிதான். அவங்களுக்குக் கரைச்சு ஊத்திட்டு, மிச்சத்த நான் உருட்டிக்குவேன்.”

அவர் எழுந்து போய்க் கண்ணியை அவிழ்த்தார். “ஒன்னு ரெண்டுதான, தின்னுட்டுப் போவுது.” திரும்பி வந்து கேட்டார்: “அந்த முடியத் திருப்பித் தருவாங்களா கண்ணு?”

“எரிச்சுத்தான் பாப்பாங்க்கா. ஆனா உங்க தலையில இன்னும் இருக்குங்களே.”

கொண்டையை அவிழ்த்தார். “எந்த எடம்?”

தோளுக்குச் சற்றுக் கீழே அவள் விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடத்தைப் பிடித்தபடி அவர் நின்றார், மறு கையில் ஒயர்.