வளைவில் சாயாத கார்

தங்கையைக் கலியாண மண்டபத்துக்கு துணிக்கூரை மடிக்கும் என் பழைய அமெரிக்கக் காரில்தான் கூட்டிப்போவேன் என்று அடம்பிடித்தவன் நான். வளைவுகளில் சாயக்கூடாதென்று, அதன் பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி, இறுக்கமானவற்றைப் பூட்டி, காரைத் தாழ்த்தியிருந்தேன்.

எம்மன்புரூக்கே நகர மண்டபத்தின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவில், கொட்டும் மழையில், கார் வயிறு தட்டி நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. இருபக்கமும் சுவர், கதவைத் திறக்க வழியில்லை.

“அண்ணா, முகூர்த்தம் போகப்போகுது,” என்றாள் தங்கை.

கடைசியில், நனைந்தாலும் பரவாயில்லையென்று துணிக்கூரையை மடித்தேன். ஓடிவந்த மாப்பிள்ளை, “பயப்பிடாதையும், கையைத் தாரும்,” என்றார். அப்பா தாரைவார்த்துக் கொடுக்கும் முன்பே அவள் கையைப் பிடித்து, காரின் முன்பக்கப் பொனற்றின் மேலால் இறக்கினார்.

மறுவாரம் பழைய ஸ்பிரிங்குகளையே பூட்டினேன். இப்போது வளைவுதோறும் கார் சாய்கிறது. பின்சீட்டில் தங்கை கணவன்மீது சாய்கிறாள். நான் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.