சூடு தெரியாத கால்

நோவு இருக்கிற இடத்தில் காற்று இருக்கிறது. நோவு போய்விட்டால் காற்றும் போய்விட்டது. ஓலைத்தொடுவாய்ச் சுழியோடிகளின் கணக்கு இவ்வளவுதான். கடலட்டை பொறுக்குவதற்காகச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை இறங்கி ஏறுகிறவர்கள் அவர்கள். அவசரப்பட்டு ஏறினால் இரத்தத்தில் கரைந்திருந்த காற்று குமிழாகி மூட்டுகளில் போய் உட்காரும். தோள் குடையும், முழங்கால் குடையும். அப்போது இன்னொரு சிலிண்டரைக் கட்டி ஆளைத் திரும்பவும் கீழே இறக்குவார்கள். ஆழத்தில் அரை மணித்தியாலம் கிடந்தால் நோவு கரையும். கரைந்ததும் மெல்ல மேலே வந்து, பால் விடாத பிளேன்ரீ ஒன்று குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இது ஆபத்தான வைத்தியம் என்று ஆஸ்பத்திரியில் சொல்வதைக் கேட்டிருந்தாலும் அவர்கள் விடுவதில்லை. தோள் குடைச்சல் அப்படிப் போனதைக் கண்ணால் கண்டவர்கள் அல்லவா.

பஸ்ரியன் இருபத்திரண்டு வருடம் அந்தக் கணக்கை நம்பி வாழ்ந்தவன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம், நான்காவது இறக்கத்தில், பதினெட்டுப் பாகத்தில், நூறு அடிக்கு மேலான ஆழத்தில், சிலிண்டரில் காற்று முடிந்துபோய் ஒரே மூச்சாக மேலே வந்தான். படகில் ஏறி உட்கார்ந்தபோது இடுப்பைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. எழும்பப் பார்த்தான். வலது கால் மடிந்தது. இடது கால் பற்றி எரிந்தது.

படகுக்காரன் வலன்ரைன் அவனுக்குப் புதுச் சிலிண்டரைக் கட்டினான். இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். ஆழத்தில் கிடந்தபோது இடது காலின் எரிவு மெல்ல மெல்ல அணைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காலில் நோவு என்று ஒன்றுமே இல்லை. வலது கால் மட்டும் மரக்கட்டை மாதிரி தொங்கியது.

“அரைவாசி தப்பிச்சிட்டாய் மச்சான்,” என்றான் வலன்ரைன், அவனைப் படகுக்குள் இழுத்துப் போட்டபடி. “இடது காலில காத்துப் போச்சு. மற்றதும் போயிடும்.”

எல்லாரும் அப்படியே நம்பினார்கள். இடது கால் சுகப்பட்டதா, ஊமையானதா என்று கேட்க அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி, பிறகு இன்னொரு ஆஸ்பத்திரி, பிறகு ஊன்றுகோல். வலது காலை வீசி வீசி நடக்கப் பழகினான். கண்ணை மூடினால் அந்தக் கால் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. விடிய எழும்பினால் போர்வையை விலக்கி முதலில் அதைத் தேட வேண்டும். இடது காலோ சொன்னபடி கேட்டது. மணலில் வைத்தால் மணல் தெரிந்தது, பூனை வந்து உரசினால் பூனை தெரிந்தது. அதை அவன் நல்ல கால் என்றான். அவன் மனைவி மாக்கிறட்டும் அப்படியே சொன்னாள். “நல்ல காலை முதல் வைச்சு ஏறுங்கோ” என்பாள், படியடியில் நின்று.

இரண்டரை வருடம் மாக்கிறட் மீன் கொம்பனியில் இறால் உரித்துக் குடும்பத்தைப் பார்த்தாள். கொண்டுவருவது போதவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாததுதான் பஸ்ரியனைக் களைக்க வைத்தது. அதனால்தான் அவன் உப்புக்குளத்து ஜவாஹிரிடம் போனான். ஜவாஹிருக்குக் கடலட்டை அவிக்கிற வாடி, ஒரு ஓலைக் கொட்டில், இருந்தது. பரல் என்கிற இரும்புப் பீப்பாயைப் பாதியாக வெட்டி, அதில் தண்ணீர் கொதிக்க வைத்து, கழுவிய அட்டையைக் கொட்டி, நீளத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்று செய்கிற வேலை.

“நெருப்பு வேலை, பஸ்ரியன்,” என்றார் ஜவாஹிர். “கால் சரியெண்டு டொக்டர் ஒரு கடிதம் தரட்டும். அடுத்த நாளே வாங்கோ.”

கடிதத்துக்காகக் கிளினிக் போனான். அங்கே அப்போதிருந்த டொக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார், ஒன்றில் சுடுதண்ணீர், மற்றதில் ஐஸ் தண்ணீர். கண்ணை மூடச் சொல்லிக் காலில் மாறி மாறி வைப்பார். முந்தி மூன்று தடவை வந்த பழக்கத்தில் பஸ்ரியனுக்கு அந்த மனிதரின் கை தெரியும். முதலில் சூடு, பிறகு குளிர், பிறகு சூடு. கோயிலில் மன்றாட்டுக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனான். வலது காலில் தெரிந்ததைச் சொன்னான். இடது காலில் மனப்பாடமான அந்த முறையைச் சொன்னான்.

பொய் சொன்னதாக அவனுக்குப் படவில்லை. நிற்கிற கால், நடக்கிற கால், நோவில்லாத கால். அதற்குச் சூடு தெரிந்தென்ன, தெரியாவிட்டால் என்ன.

வாடியில் நான்கு மாதம் ஒழுங்காகப் போனது. வலது காலை நம்ப முடியாததால் பாரம் முழுவதையும் இடது காலில் போட்டுக்கொண்டுதான் கிண்டுவான். ஐந்தாம் மாதம் ஒரு நாள், பரலின் கீழிருந்து ஒரு கொள்ளி சரிந்து அவன் காலடியில் வந்து கிடந்தது. கொதி வரும் நேரம். அவன் கண் பரலில் இருந்தது.

“ஆரு ரயர் எரிக்கிறது?” என்று உள்ளேயிருந்து ஜவாஹிர் கேட்டார்.

பஸ்ரியனுக்கும் அந்த மணம் வந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்தான், றோட்டுப் பக்கம் பார்த்தான். “பக்கத்து வளவுக்காரராக்கும் நாநா,” என்றான். கடைசியாகத்தான் கீழே பார்த்தான். செருப்பின் றப்பர் உருகி அவனுடைய பாதத்தோடு ஒட்டியிருந்தது.

அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஜவாஹிர் ஓட்டோ பிடிக்க வெளியே ஓடினார். பஸ்ரியன் வேண்டாம் என்று தடுத்தான். “நோவே இல்லை நாநா. மேல்தோல்தான்.” நோவில்லை என்றால் ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, பழைய துணி சுற்றி, காலுறை போட்டு மறைத்துக்கொண்டு அடுத்த நாளும் வேலைக்குப் போனான். பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு இருந்தபோது மாக்கிறட் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, ஏதோ நாறுகிறதென்று அவனுடைய காலடியில் குந்தினாள். காலுறையை இழுத்தாள். பிறகு எழுந்து போய், கிளினிக்குக்குப் போகச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கிளினிக்கில் இந்த முறை இருந்தவர் டொக்டர் லக்சிகா. முருங்கன் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட இராது. காயத்தைப் பார்த்தார், பழைய கடிதத்தைப் பார்த்தார், திரும்பவும் காயத்தைப் பார்த்தார்.

“ஐயா, இது எலும்புக்குப் போயிருந்தா கணுக்காலோட எடுக்க வேண்டி வரலாம். எக்ஸ்ரே பாத்துத்தான் சொல்லுவன். அதுக்கு முதல் ஒண்டு கேக்கிறன். இந்தக் கடிதத்தில சூடு குளிர் தெரியும் எண்டு இருக்கு. உண்மையோ?”

பஸ்ரியன் சுவரைப் பார்த்தான். அந்தக் காலை எடுத்தால் அவனுக்கு நிற்க வேறு கால் இல்லை. அது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

“திரும்பச் சோதிச்சுப் பாருங்கோ டொக்டர்,” என்றான்.

கண்ணை மூடினான். டொக்டர் முதலில் பஞ்சால் தொட்டார். இரண்டு காலிலும் தெரிந்தது, வலது காலில் கொஞ்சம் மங்கலாக. பிறகு ஊசி. வலது காலில் சுருக்கென்றது. இடது காலில் எதுவோ தொட்டது, அவ்வளவுதான்.

“குத்துதோ, தொடுறதோ?”

பழைய முறையில் பதில் நாக்குநுனி வரை வந்தது. விழுங்கினான்.

“தொடுறது மாதிரித்தான். குத்துறது தெரியேல்ல.”

“இதில?”

“தெரியேல்ல.”

“முழங்காலில?”

“தெரியேல்ல.”

தொடையில் தெரியவில்லை. இடுப்பில் தெரியவில்லை. இருபது தடவையாவது சொல்லியிருப்பான். சொல்லச் சொல்ல அவன் குரல் தேய்ந்துகொண்டு போனது. தொப்புளுக்கு ஒரு விரல் மேலே ஊசி வந்தபோது “ஆ” என்றான். டொக்டர் அந்த இடத்தில் பேனையால் புள்ளி வைத்தார். புள்ளி புள்ளியாகத் தொட்டு, தொப்புளிலிருந்து விலாப்பக்கம் வரை ஒரு நீலக் கோடு இழுத்தார்.

கண்ணைத் திறந்தபோது மாக்கிறட் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுக்குக் கீழ ஒண்டும் தெரியாதோ?” என்று கேட்டாள்.

“தொட்டாத் தெரியும்.”

“மூண்டு வருசமா நான் அந்தப் பக்கம் கிள்ளினதெல்லாம்?”

“தொடுறாய் எண்டு நினைச்சனான்.”

டொக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். மாக்கிறட் சிரிக்கவில்லை.

பிறகு டொக்டர் ஒரு துண்டுக் காகிதத்தில் நீளமாக இரண்டு கோடு போட்டார். அதுதான் முண்ணாண் என்றார், முதுகெலும்புக்குள்ளே ஓடுகிற நரம்புத் தண்டு. இரண்டு பக்கத்தாலும் சோடி சோடியாக நரம்புகள் வந்து அதில் சேர்கின்றன. தொப்புள் மட்டத்துக்கு வருவது நெஞ்சுப் பகுதியின் பத்தாவது நரம்பு. காலிலிருந்து வருகிற செய்தி எல்லாம் ஒரே வழியால் மூளைக்குப் போவதில்லை. தொடுகையில் ஒரு பங்கும், கால் எந்த நிலையில் இருக்கிறது என்கிற அறிவும், வந்த பக்கத்தாலேயே கழுத்துக்கு மேலே மூளையின் அடிவரை ஏறிப்போய் அங்கேதான் மற்றப் பக்கம் மாறும். நோவும் சூடும் குளிரும் அப்படியில்லை, முண்ணாணுக்குள் நுழைந்த கையோடு மற்றப் பக்கம் தாண்டிவிடும். காலை அசைக்கச் சொல்லி மேலிருந்து வருகிற கட்டளை அந்தந்தப் பக்கத்தாலேயே இறங்கும்.

“காத்து அடிச்சது உங்கட முண்ணாணில வலது பக்கத்தை, ஐயா. ஒரே ஒரு இடம்தான். அதால வலது காலின்ர அசைவு போச்சு. அதே இடத்தால இடது காலின்ர நோவும் சூடும் ஏறிப் போறது. அதுவும் போச்சு.”

பஸ்ரியன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இடப்பக்கக் கயிறை வலப்பக்க மரக்குத்தியில மாறிக் கட்டியிருக்கு. அப்பிடித்தானே?”

“ஓம், அப்பிடித்தான்.”

“ஆர் கட்டினது?”

“எல்லாருக்கும் அப்பிடித்தான் கட்டியிருக்கு ஐயா.”

“அண்டைக்குத் தண்ணிக்குள்ள எரிவு நிண்டது…”

“சுகப்பட்டு நிக்கேல்ல. செய்தி போற வழி அறுந்துதான் நிண்டது.”

பதினெட்டுப் பாகத்தின் கீழே கிடந்து, எரிவு அணைய அணைய, மாதாவுக்கு நன்றி சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது.

எக்ஸ்ரே வந்தது. சின்னவிரல் எலும்பு மட்டும் பழுதாகியிருந்தது. அந்த விரலையும், செத்துப்போன சதையையும் எடுத்தால் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். விறைப்பு ஊசி பெயருக்குத்தான் போட்டார்கள். பஸ்ரியன் தலையணையில் சாய்ந்து, தன் காலில் கத்தரி ஓடுவதை மீன் வெட்டுவதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான். வலித்ததெல்லாம் கதவடியில் நின்ற மாக்கிறட்டுக்கு. தாதி மிஸ் வந்து அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்.

இரண்டு மாதம் அந்தக் கால் நிலத்தில் படக்கூடாது. அதற்குப் பிறகும் நெருப்புக்குக் கிட்டப் போகக்கூடாது. காலையும் மாலையும் உள்ளங்காலைக் கண்ணால் பார்க்க வேண்டும், சாகும்வரை.

ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து ஜவாஹிருக்கு ரெலிபோன் கோல் எடுத்தான்.

“நாநா, நான் இனி வரேல்ல. எனக்கு அந்தக் காலில சூடு தெரியாது. முந்தியும் தெரியாது. டொக்டரை ஏமாத்தித்தான் கடிதம் எடுத்தனான்.”

மறுமுனையில் கொதிக்கிற பரலின் சத்தம் கேட்டது.

“என்னையுமெல்லோ ஏமாத்தியிருக்கிறீங்கள்,” என்றார் ஜவாஹிர். கோபமாக இல்லை, களைத்துப்போன குரலில். “பரல் கவிண்டிருந்தா நான் உங்கட மனிசிக்கு என்ன சொல்லுறது?”

“ஓம் நாநா.”

“காய்ஞ்ச அட்டையைத் தரம் பிரிக்கிற வேலை இருந்துகொண்டு செய்யலாம். சம்பளம் பாதிதான் வரும். சுகப்பட்டு வாங்கோ, பாப்பம்.”

வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் மாக்கிறட் இறால் மணத்தோடு வந்து, கை கழுவி, அலுமாரியிலிருந்த முகக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டிலடியில் இருந்தாள். அவனுடைய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கண்ணாடியைப் பாதத்தின் கீழே பிடித்தாள்.

“நாளைக்குப் பாப்பம்,” என்றான் பஸ்ரியன். “நீயும் களைச்சுப் போய் வந்திருக்கிறாய்.”

“களைப்புத்தான். பாருங்கோ.”

அவன் தலையை உயர்த்தினான். பாதம் தெரிய அவள் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தாள். குதிக்காலிலிருந்து தொடங்கி, விரல் விரலாக, அவன் பார்த்துக்கொண்டு வந்தான்.