ஒருமுறைதான் கேட்கும்

கனடாவின் இந்த எட்மன்டனில் யாரும் எதையும் இரண்டாம் முறை கேட்பதில்லை. வந்த புதிதில், பனி கொட்டிய ஒரு மாலை, கூட வேலை செய்யும் லிண்டா காரை நிறுத்தி, வீட்டில் விடட்டுமா என்று கேட்டாள். "நோ, நோ, பரவாயில்லை" என்று மரியாதையாகச் சொன்னேன். இலங்கையில், எங்கள் மாத்தளையில் அதற்கு அர்த்தம், "ஏறத்தான் போகிறேன், இன்னொருதரம் கேளுங்கள்" என்பது. லிண்டா "ஓகே" என்று கையசைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். நான் மூக்கு விறைக்க பஸ்ஸுக்கு நின்றேன். இந்தக் கதையைச் சொன்னால் இங்குள்ள நம்மவர்கள் யாரும் சிரிப்பதில்லை. ஆளுக்கொரு லிண்டா அவர்களுக்கும் உண்டு. ஒருவழியாக, கேட்டவுடனே "யெஸ்" சொல்லப் பழகினேன். அந்தப் பழக்கத்தோடு போன வருடம் ஊருக்குப் போனது இன்னொரு வினை. சொந்தக்காரர் வீட்டில் "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டு வாயை மூடுமுன் "ஆமா" என்றேன். வெளிநாட்டில் சோறு தண்ணி இல்லை போல என்று ஊரே பேசிக்கொண்டது.

அந்தப் பயணத்தில்தான் என் சித்தி மகள் ஸ்டெல்லா, நூலகத்துக்குத் துணைக்கு வரச் சொன்னாள். அவள் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்கிறாள். மேற்பார்வையாளர் லீவு போட்டால் அந்த வேலையும் இவள் தலையில்தான். அந்தப் பதவி காலியான இரண்டு தடவையும் அது வேறு யாருக்கோ போனது. நேர்முகப் பரீட்சையில், பத்துப் பேரை வைத்து வேலை வாங்க முடியுமா என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு "ஏதோ கொஞ்சம் முடியும் சார்" என்பாள். வற்புறுத்திக் கேட்பார்கள் என்று காத்திருப்பாள். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இப்போது பக்கத்துப் பெரிய ஹோட்டலில் அதே பதவிக்கு ஆள் எடுக்கிறார்களாம். "இதுவும் கிடைக்கலன்னா குவைத்துக்கு ஏறிருவேன்க்கா. ஏஜென்சில பேசிட்டேன்" என்றாள். ஒரு குடும்பத்தில் நான் ஒருத்தி ஊரைவிட்டுப் போனது போதாதா?

நூலகத்தில் சனிக்கிழமைகளில் செயற்கை நுண்ணறிவைப் பாவிக்கப் பழக்குகிறார்கள். நடத்துபவர் நூலகர் பரீனா மிஸ். "அமைதி காக்கவும்" என்ற பலகைக்குக் கீழேயே ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். பல்லேபொலயிலிருந்து வந்த ஒருவர் தன் மிளகுக் கொடிக்கு வந்த நோயைக் கணினியிடம் சிங்களத்தில் சத்தமாக விவரித்துக்கொண்டிருந்தார், அதற்குக் காது மந்தம் போல. பரீனா மிஸ் எங்களுக்கும் ஒரு கணினியைக் காட்டி, "ஹோட்டல் மெனேஜர் மாதிரி என்னைக் கேள்வி கேள்னு எழுதுங்க" என்றார். மெனேஜரைப் போய் 'கேள்' என்பதா? ஸ்டெல்லா முதலில் "சாப்பிட்டீங்களா சார்?" என்று தட்டினாள். தான் சாப்பிடுவதில்லை என்று பதில் வந்தது. "அனே, பாவம்" என்றாள்.

பிறகு கேள்விகள் வந்தன. பத்துப் பேரை நிர்வகிக்க முடியுமா? வழக்கம்போல "ஏதோ கொஞ்சம்" என்று தட்டினாள். "நன்றி. அப்படியானால் முதலில் உதவியாளராகச் சேர்ந்து பழகலாம்" என்றது அது. ஸ்டெல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு உதவியாளு? அங்க முழு வேலையையும் இழுக்கிறதே நாந்தானே!"

"அத நீங்க அதுக்கிட்ட சொல்லலயே ஸ்டெல்லா" என்றார் பரீனா மிஸ். "நீங்க சொன்னதத்தான் அது நம்புது."

இன்னொரு முறை பயிற்சி செய்யலாமா என்று அது கேட்டது. கோபத்திலும் மரியாதை குறையாமல், "வேணாம் சார், உங்களுக்கு எதுக்குக் கரைச்சல்" என்று எழுதினாள். "சரி. நேர்முகப் பரீட்சைக்கு வாழ்த்துகள்!" என்று முடித்துக்கொண்டது. ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன்க்கா, மறுக்கா கேக்காதா?"

"கேக்காதுடி" என்றேன். நான் பனியில் நின்று படித்ததை, இவள் ஃபேனுக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்து படித்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் விடவில்லை. தமிழில் பழகி, இங்கிலிஷுக்கு மாறினாள். ஒருநாள் அது எழுதிக் கொடுத்த பதிலில், ஸ்டெல்லா படிக்காத டிப்ளோமா ஒன்று இருந்தது. இவளுக்கு ஆசைதான். பரீனா மிஸ் விடவில்லை. "அது அழகா எழுதும், இல்லாததையும் சேத்து எழுதும். நீங்க செஞ்ச வேலையே போதும், அத வாய் தொறந்து சொல்லுங்க."

நேர்முகப் பரீட்சை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அவரு கேட்டு முடிக்க முன்னமே 'யெஸ் சார், ஐ கேன்'னுட்டேன்க்கா. மனுசன் ஆடிப்போயிட்டாரு!" வேலை கிடைத்துவிட்டது. குவைத் ஏஜென்சிக்கும் அன்றே போன் எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் அழுதேவிட்டேன்.

நான் புறப்படும் நாளில் பெட்டியை வேன் வரைக்கும் அவள்தான் இழுத்து வந்தாள். "நாந்தான் போகலயே. நீங்களும் பேசாம இங்கயே இருந்துருங்களேன்க்கா" என்றாள். எட்மன்டனில் பழகிய "யெஸ்" எங்கே போனதோ, ஊர் வழக்கம் வாயில் வந்து நின்றது.

"ஐயோ, அது எப்புடிடி முடியும்?"

"சரிக்கா" என்றாள் ஸ்டெல்லா. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, கையசைத்தாள். வேன் வளைவில் திரும்பும் வரை நான் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தேன், இன்னொருதரம் கேட்பாள் என்று.