கதவுக்கு வெளியே நின்ற எங்கள் அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களில் சிலர், அப்பாவோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள். அவர்களும் இன்று வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்தே, ஒரே மகளான நான் இதை எழுதுகிறேன்.

ஊத்துக்குளிக்கு அருகே, எருமை வளர்த்து வெண்ணெய் விற்ற குடும்பத்தில் அப்பா பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தார். பகலெல்லாம் வெட்டிய துணிப் பீஸ் அடுக்கிவிட்டு, விடியற்காலையில் ஓடிப் பழகி, இரண்டாவது முயற்சியில் காவலர் தேர்வில் வென்றார். உடுமலைப் பக்கத்துப் பெண்ணான அம்மாவை மணந்தார். பிறகு மாற்றல் மேல் மாற்றல். எந்த ஊரிலும் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர்கள் அப்பாவைக் குறை சொன்னதில்லை. கோபம் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வார். அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

ஏட்டாக இருந்தபோது, எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்குப் பாதுகாப்புக் காவலராக அப்பா அனுப்பப்பட்டார். சாயத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக ஓடையில் விடும் பட்டறைகளைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசிய அம்மையார் அவர். பேசிய நாளிலிருந்து கொலை மிரட்டல்கள் வந்தன. பள்ளிக்குச் செல்லும் அவர் மகளை யாரோ பின்தொடர்ந்தார்கள். வேறு பணி கேட்டு வாங்கிக்கொள்ளும்படி உடன் வேலை செய்தவர்களே அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை.

பல்லடத்துப் பக்கம் ஒரு கிராமம். கிணற்று நீர் நிறம் மாறிப்போன விவசாயிகளைச் சந்திக்க, ஒரு மாலையில் அம்மையார் அங்கே சென்றிருந்தார். சமுதாயக் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கையில், ஆளுங்கட்சிக்காரர்களும் பட்டறை ஆட்களும் திரண்டு வந்து கூடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மையாரை வெளியே அனுப்பு என்று கத்தினார்கள். உடனிருந்த இன்னொரு காவலரை அம்மையாருக்குத் துணையாக உள்ளே நிறுத்திவிட்டு, அப்பா வெளியே வந்து, கதவைச் சாத்தி, அதன் முன்னே நின்றார்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் என் தாய்மாமன். அம்மாவின் சொந்த அண்ணன். மாமா கெட்டவர் அல்லர். ஆளுங்கட்சியில் பொறுப்பில் இருந்தார். அருள்புரத்தில் சிறிய தையல் கம்பெனி வைத்திருந்தார். சாயப்பட்டறைகளை மூடினால் துணி வராது, தம்மை நம்பியிருப்பவர்களுக்கு வேலை இருக்காது என்று பயந்துபோயிருந்தார். அந்தப் பயம்தான் அவரை அங்கே கொண்டுவந்தது.

"மாப்ள, நீங்க ஒதுங்கிக்குங்க. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க" என்றார் மாமா.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "சம்பந்தம் இருக்குதுங்க மச்சான். இந்தம்மாளைச் சனங்க ஓட்டுப் போட்டுப் பேச அனுப்பியிருக்காங்க. பேசுனதுக்கு அடிப்பாங்கன்னா, நாளைக்கு உங்க கட்சிக்காரரு வாயத் தொறக்க முடியுங்களா? நான் நகர மாட்டனுங்க."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கல் வந்தது. அப்பாவின் இடது தோளெலும்பு உடைந்தது. இடுப்பில் துப்பாக்கி இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. கதவில் சாய்ந்தபடி நின்றார். கூடுதல் போலீஸ் வந்து அம்மையாரைப் பத்திரமாக அழைத்துச் சென்ற பிறகே கீழே உட்கார்ந்தார். அதன்பின் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்க அவரால் முடிந்ததில்லை. சட்டை மாட்டிவிடுவது அம்மாவின் வேலையாயிற்று.

வழக்கு விசாரணைக்கு வந்தபோதுதான் பெரிய சோதனையும் வந்தது. இருட்டுகிற நேரம், ஆள் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிடும்படி கேட்க, அம்மாவைப் பெற்ற அப்புச்சியே வீடு தேடி வந்தார். மறுபக்கம், அம்மையாரின் கட்சிக்காரர்கள் சிலர், கல்லை எறிந்ததே மாமாதான் என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். பார்த்ததை மட்டுமே சொல்வேன் என்று இரண்டு தரப்புக்கும் அப்பா பதில் சொன்னார்.

அப்புச்சி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா அழுதுகொண்டேதான் சொன்னார்: "அண்ணனுக்காக இவரு பொய் சொல்லிட்டா, அப்பறம் இவரு சொல்ற எதை நான் நம்பறதுங்கப்பா?"

கூட்டத்தை அழைத்து வந்து, முன்னால் நின்று மறித்தவர் மாமா என்று அப்பா நீதிமன்றத்தில் சொன்னார். கல் பின்னாலிருந்து வந்தது, எறிந்தவர் மாமா அல்லர், எறிந்தவரைத் தாம் பார்க்கவில்லை என்பதையும் சொன்னார். அந்தச் சாட்சியால் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து மாமா விடுபட்டார். மறித்த குற்றத்துக்குச் சில மாதங்கள் சிறையில் இருந்தார். சொந்தங்கள் அப்பா சொன்னதில் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அப்புச்சி வீட்டு விசேஷங்களுக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. என் கல்யாணத்தில் மாமன் சீர் இல்லை. தாலி கட்டி முடியும்வரை, மாமன் நிற்க வேண்டிய பக்கம் அப்பா திரும்பவேயில்லை.

ஆட்சி மாறியது. அதுவரை ஆண்டவர்கள் எதிர்க்கட்சியானார்கள். அவர்களுடைய சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு மிரட்டல் வந்தபோது, காவலுக்கு அனுப்பப்பட்டவர் அப்பாதான். கையைக் காரணம் காட்டி மறுத்திருக்கலாம், மறுக்கவில்லை. பொதுக்கூட்டம் ஒன்றில் அந்த உறுப்பினரை அடிக்க மேடையேறி வந்தவர்கள், முன்பு அப்பா காத்த அம்மையாரின் கட்சிக்காரர்கள். அவர்களையும் அப்பா அப்படியேதான் மறித்தார்.

அந்த உறுப்பினர் மாமாவின் தலைவர். செய்தி கேட்டு, மறுநாள் மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா எழுந்து போய், "வாங்க மச்சான், சாப்புடலாம்" என்றார். இருவரும் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. அம்மாதான் பரிமாற முடியாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார்.

சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்ற அப்பாவை, குடல் நோய் எங்களிடமிருந்து பறித்துக்கொண்டது. சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் வணக்கம். ரத்தம் தேவைப்பட்டபோது கேட்காமலேயே வந்து வரிசையில் நின்ற, மாமாவின் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளர்களை நாங்கள் மறக்க மாட்டோம். இறுதி நாளில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்த அம்மையாருக்கும், உடன் பணியாற்றிய காவலர்களுக்கும் நன்றி.

மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் கடைசி மாதங்களில் மருத்துவமனையிலேயே துணைக்குக் கிடந்தவர் அவர். அச்சுக்குத் தரும் முன் இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுத்தேன். அவர் வேண்டாமென்றால் அந்த மாலை நடந்ததை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். 'கூட்டத்தில் மாமாவும் இருந்தார்' என்று நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

"முன்னால நின்னேன் கண்ணு. உங்கப்பா கோர்ட்டுல அப்படித்தான் சொன்னாரு. அப்படியே எழுது."

அப்படியே எழுதியிருக்கிறேன்.