சாலமன் இறுக்கிய ஸ்க்ரூ

ஞாயிறு காலை சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது நம் குழுவின் ஜெயசீலன் போன் செய்தார். "சாலமன் போய்ட்டாருங்க. தூக்கத்துலயே." சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றேன். வேலூரிலிருந்து வாரா வாரம் சைக்கிளில் புறப்படும் நம் எல்லோருக்கும் அவர் வேண்டியவர். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. கியர் என்றால் உயிர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அமிர்தி ஏற்றம் ஏற முடியாமல், பெடலோடு வரும் பல்சக்கரங்களை, அதாவது கிராங்கை, சற்றுச் சிறியதாக மாற்றினேன். மாட்டித் தந்தவர் சாலமன்தான். செயினைச் சின்ன சக்கரத்திலிருந்து பெரியதற்குத் தள்ளும் பழைய முன் கியர் புதுக் கிராங்குக்கு ஒத்துவராது என்றார். "சின்ன சக்கரத்துலயே ஓட்டு தோஸ்த். பெருசுக்கு ஏத்தினா செயின் வெளிய வுழும், ரோட்டுல பேஜாராய்டும்" என்று செயின் பெரியதற்கு ஏறாதபடி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டார். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் சோதிப்பவன். ஒரு தையல் விலகினாலும் திருப்பி அனுப்புவேன். அவர் வேலையை மட்டும் சோதித்ததில்லை.

சின்ன சக்கரத்தில் சமதரையில் கால்தான் சுற்றும், வேகம் வராது. ஆற்காட்டில் நீங்கள் டீ குடித்து முடித்த பிறகே நான் வந்து சேர்வேன். பக்கத்தில் சாலமன். "நீங்க போங்கப்பா, நான் இவன் கூட வர்றேன்" என்பார். ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னேன். "நன்றி இன்னாத்துக்கு?" என்று தோளில் தட்டுவார். என் மனைவி ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

அவருக்கான ஜெபக்கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று சொன்னீர்கள்: பின்தங்கியவனை விட்டுப் போகாத மனிதர். என்னைக் காட்டித்தான் சொன்னீர்கள். நானும் அழுதேன்.

போன வாரம் செயின் உரசியது. கேட்க ஆளில்லாமல் நானே உட்கார்ந்தேன். செயினைப் பிடித்துத் தள்ளும் முன் கியரின் கூண்டு பல்லுக்கு மேலே வெகு உயரத்தில் நின்றது. கொஞ்சம் இறக்கி, அந்த ஸ்க்ரூவையும் தளர்த்தினேன். செயின் அலுங்காமல் பெரிய சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தது. ஒத்துவராதது எதுவுமே இல்லை. அவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை; உங்களில் பலருக்கு இதே வேலையைச் செய்து கொடுத்தவர் அவர்.

அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரீட்டா அக்கா தானாகவே சொன்னார்: "கடைசி ரெண்டு வருஷமா அவரால முடியல தம்பி. சின்னப் பசங்க முன்னாடி பின்தங்கினா கேவலம்னு பொலம்புவார். உனக்காக மெதுவா போறேன்னு சொல்லிக்கலாம், இல்லன்னா சைக்கிளையே எப்பவோ வுட்டிருப்பேன்னார்." ஸ்க்ரூவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆக, பின்தங்கியவர் அவர். என்னைக் கட்டிப்போட்டுவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டார். என் நன்றியையும் வாங்கிக்கொண்டார். "முடியல தோஸ்த், கூட வா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரிய சக்கரத்தை நானே கழற்றிப் போட்டிருப்பேன். அதைக் கேட்கும் அளவுக்குக்கூட அவர் என்னை நம்பவில்லை.

நேற்று பெரிய சக்கரத்தில் மிதித்து உங்கள் எல்லோருக்கும் முன்னால் ஆற்காடு போய்ச் சேர்ந்தேன். சந்தோஷமே வரவில்லை. மன்னித்துவிடு என்பீர்கள். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால், அவருடையது என்று என்னிடம் எதுவும் இருக்காது.