எனக்குப் பொறுப்புச் சொன்ன சின்னராஜ்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த காலை நேரத்தில் என் மனைவி சாந்தி கைப்பேசியில் அழைத்தாள். நான் லோடு கொண்டுபோகும் நேரத்தில் அவள் கூப்பிடுவதில்லை. அதனால் மூட்டைக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன். "ஏனுங்க, தம்பி போயிட்டானுங்க. காப்பி குடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தவன் அப்படியே சாஞ்சுட்டானாம்" என்றாள். அவளுடைய தம்பியும் என் மைத்துனருமான கிளியூர் சின்னராஜ், ஏற்காடு மலையில் பல வருடம் லாரி ஓட்டியவர், நெஞ்சுவலியில் காலமாகிவிட்டார்.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு மலையேறியிருக்க வேண்டும். கை நடுங்கியது. கை நடுங்கும்போது ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது என்பது அவர் எனக்குப் போட்டிருந்த கட்டளை. சுமைக்காரர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நான் ஓட்டும் லாரி, வாங்கும் சம்பளம், என் மகளின் நர்சிங் படிப்பு எல்லாமே சின்னராஜ் சொன்ன ஒரு வார்த்தையின் மேல் நின்றுகொண்டிருந்தன. அவரே போய்விட்டால் அந்த வார்த்தை என்ன ஆகும்? இழவு விழுந்த நேரத்தில் இதையா நினைப்பது என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சின்னராஜ் என்னைவிட வயதில் இளையவர். குள்ளமான உருவம், ஓயாமல் அசையும் கண்கள். எங்கள் பக்கத்தில் அவரைப் போலப் பயந்தவர் யாரும் இல்லை. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போனால் சாமியைப் பார்ப்பதைவிட மேலே இருக்கும் பாறையைத்தான் அதிகம் பார்ப்பார். தன் பிள்ளைகளைக் கொய்யா மரத்தில் ஏற விடமாட்டார். டீ குடிக்க நிறுத்தினாலும் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி, டயர்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளாஸைக் கையில் வாங்குவார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். மற்ற டிரைவர்கள் வாய்க்கு வந்தபடி கேலி செய்வார்கள். இவ்வளவு பயந்தவர் எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பயமில்லாதவங்க கையில எப்படிங்க மாமா வண்டியக் குடுக்கறது? அதாங்க நானே ஓட்டறேன்" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தார்.

நான் கரடியூரைச் சேர்ந்தவன். காப்பி எஸ்டேட் ஒன்றில் ரைட்டர் வேலை பார்த்துவந்தேன். காலையில் ஆள் பேர் எழுதுவதும் மாலையில் காப்பிப் பழம் எடை போடுவதுமாக வாழ்க்கை ஓடியது. எஸ்டேட்டை வாங்கிய புது முதலாளி செடிகளைப் பிடுங்கிவிட்டுத் தங்கும் விடுதி கட்ட ஆரம்பித்தார். விடுதிக்கு ரைட்டர் எதற்கு? நாற்பது வயதுக்கு மேல் கனரக வண்டி ஓட்டப் பழகி, ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். ஊரெங்கும் டிரைவர் பஞ்சம் என்று பேசிக்கொண்டார்கள். லைசென்ஸ் கைக்கு வந்தால் மறுநாளே வேலை என்று நம்பியிருந்தேன்.

நிலைமை வேறு என்று சேலத்திலும் சங்ககிரியிலும் லாரி ஆபீஸ்களில் ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது. டிரைவர் பஞ்சம் உண்மைதான். புது டிரைவர்தான் யாருக்கும் வேண்டாம். "புதுசுங்களா? ஒரு மாசம் சும்மா ஓட்டிக் காட்டுங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்றார் ஒருவர். ஒரு மாதம் சாப்பாட்டுக் காசுக்கு ஓட்டினேன். சம்பளம் கேட்ட அன்று சாவியைத் திருப்பிக் கேட்டார். வாசலில் இன்னொரு புது டிரைவர் புதுச் சட்டையுடன் நின்றுகொண்டிருந்தார். ஓசியில் ஓட்ட ஆள் வந்துகொண்டே இருக்கும்போது சம்பளம் கொடுக்க அவருக்கு என்ன வந்தது? இன்னோர் இடத்தில் வண்டி தாங்காத அளவுக்குப் பாரம் ஏற்றச் சொன்னார்கள், மாட்டிக்கொண்டால் அது என் பாடாம். வேண்டாமென்று இறங்கிவிட்டேன். இறங்கிவிட்டேனே தவிர, மகளுடைய படிப்பை நிறுத்த வேண்டிவருமோ என்ற கவலையில் சோறு இறங்கவில்லை.

சின்னராஜ் வேலை பார்த்தது ஏற்காடு கடைவீதியில் மண்டி வைத்திருக்கும் காதர் பாயிடம். மிளகு, காப்பி, ஆரஞ்சு, சில்வர் ஓக் மரம் என்று மலையிலிருந்து இறங்கும் சரக்குக்கு அவரிடம் சில லாரிகள் உண்டு. தேதி தவறாத சம்பளம், டிரிப்புக்குத் தனியாகப் படி, இன்சூரன்ஸ் எல்லாம் கொடுப்பவர். ஆனால் புது ஆளை வேலைக்கு வைத்தால் பழைய டிரைவர் ஒருவர் பொறுப்புச் சொல்ல வேண்டும். புது ஆள் வண்டியைக் கெடுத்தால் பொறுப்புச் சொன்னவருக்கும் வேலை போகும். பொறுப்பில் ஓட்டும் வரை முக்கால் சம்பளம். பொறுப்புச் சொன்னவரே வந்து போதும் என்று சொன்னால்தான் முழுச் சம்பளம். இத்தனைக்கும் உட்பட்டு எவன் வாயைத் திறப்பான்?

என் மனைவி தம்பியிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் பயத்திலேயே காய்ச்சலில் படுத்துவிடுவான் என்றாள். நான் தனியாகவே மண்டிக்குப் போனேன். சின்னராஜ் அங்கே லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, உங்களுக்கு யாருங்க பொறுப்பு?" என்று காதர் பாய் கேட்டார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "நானுங்க பாய்."

திரும்பிப் பார்த்தேன். சின்னராஜின் நெற்றியெல்லாம் வியர்வை.

"சின்னராசு, நல்லா ரோசன பண்ணிக்க. வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீயும் எறங்கோணும்."

"எறங்கிக்கறனுங்க."

வெளியே வந்ததும் படிக்கட்டில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். சோடா வாங்கிக் கொடுத்தேன். "மாமா, நான் தப்புப் பண்ணிட்டனாட்ட இருக்குதுங்க" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

முதல் சில டிரிப்புகளில் பாயிடம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மலை இறக்கத்தில் ஒழுங்காக வந்துவிட்டேன். சேலத்தில்தான் மானம் போனது. நடுவில் தடுப்பு இல்லாத பழைய ரயில்வே மேம்பாலத்தில் இறங்கும்போது எதிரே லோடு லாரி ஒன்று ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது மலைக்காரன் ரத்தத்தில் ஊறியது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். பின்னால் பஸ், ஆட்டோ, பைக் எல்லாம் ஹாரன் அடித்துப் பாலமே அதிர்ந்தது. "மாமா, இது பாலமுங்க, கொண்டை ஊசி இல்லீங்க. எடுங்க, எடுங்க" என்று சின்னராஜ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்து முடித்த கையோடு, "ஆனா இந்தப் பழக்கத்த விட்டுராதீங்க" என்று கவலையாகச் சொன்னார்.

பிறகு தனியாக ஓட்ட ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் அவர் தலையையும் சேர்த்துப் பணயம் வைத்து ஓட்டுகிறோம் என்ற எண்ணம் கூடவே வரும். மழைக்காலத்தில் ஒருநாள் மதியம், காப்பி மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல பனிமூட்டம். வளைவில் சுற்றுலா வந்த கார் ஒன்று என் பக்கமாகவே ஏறி வந்துவிட்டது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. மலைப்பக்கமாக ஒடித்தேன். வண்டி வாய்க்காலில் இறங்கிப் பாறையில் மோதி நின்றது. கார்க்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முன் விளக்கும் பம்பரும் போயின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

சின்னராஜ் அடுத்த லோடுடன் வந்து சேர்ந்தார். என் கை காலை நீட்டச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார். பிறகுதான் வண்டியைப் பார்த்தார். அன்று மாலை மண்டியில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தன் லாரிச் சாவியை எடுத்து பாயின் மேசை மேல் வைத்தார். "பொறுப்பு என்னுதுங்க பாய். நான் எறங்கிக்கறேன். மாமாவ மட்டும் வெச்சுக்குங்க. அவருக்கு நொம்பக் கஷ்டமுங்க" என்றார். குரல் நடுங்கியது. கை மட்டும் நடுங்கவில்லை.

பாய் சாவியைப் பார்த்தார். "கார்ல வந்தவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் என்னத்துக்குச் சாவி இங்க கெடக்குது? எடு சின்னராசு" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு எழுந்து போய்விட்டார். அதன்பின் பொறுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு முக்கால் சம்பளமே வந்துகொண்டிருந்தது. முழுச் சம்பளத்தைப் பற்றி சின்னராஜிடம் கேட்க நாக்கு எழவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

செய்தி வந்த அன்று கை நடுக்கம் நின்ற பிறகு காலி வண்டியை ஓட்டிக்கொண்டு கிளியூர் போய்ச் சேர்ந்தேன். சின்னராஜின் ஊட்டுக்காரி மல்லிகா என் மனைவியின் மடியில் கிடந்தாள். கேலி செய்த டிரைவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து வந்தபோது காதர் பாய் பந்தலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையால் கூப்பிட்டார். அருகில் போனேன். அவர் சொல்வதற்கு முன் நானே கேட்டுவிட்டேன்.

"பாய், இனி எனக்கு யாருங்க பொறுப்பு?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "உங்ககிட்ட அவன் சொல்லவே இல்லீங்களா? போன வாரமே வந்து, போதுமுங்க பாய்னு சொல்லிட்டானே. 'அன்னிக்குப் பள்ளத்துப் பக்கம் போகாம மலைப்பக்கம் ஒடிச்சாருங்க. பயப்படத் தெரிஞ்சவருங்க. இனி அவருக்கு நான் எதுக்குங்க'ன்னான். இந்த மாசத்துல இருந்து உங்களுக்கு முழுச் சம்பளம். ஆனா சம்பளத் தேதி வரைக்கும் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான். முன்னாடியே தெரிஞ்சா உங்களுக்குத் தைரியம் வந்துருமாம்."

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. பந்தலில் அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில், சின்னராஜ் ஓட்டிய லாரி ஆரஞ்சு லோடுடன் மண்டி வாசலில் நின்றது. அழுகும் சரக்கு, காத்திருக்காது. நீங்களே எடுங்க என்றார் பாய். ஏறி உட்கார்ந்தேன். இருக்கை அவருடைய உயரத்துக்கு முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருந்தது. அதை மாற்ற மனம் வரவில்லை. அப்படியே கொஞ்ச தூரம் போகலாம் என்று பார்த்தால் முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. அப்படி ஓட்டுவதை அவர் பார்த்திருந்தால் பதறியிருப்பார். இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

மாப்ள, முழு டிரைவராக உங்கள் வண்டியில் மலை இறங்கினேன். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.