பகலில் வாய் திறக்காத மாமி

மூன்று வருடங்களுக்கு முன், கல்யாணமாகி நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்த புதிதில் நடந்தது இது. நான் துணைச் செவிலியர் படிப்பு முடித்தவள். பெரிய ஆஸ்பத்திரிகளில் போய் நின்றால் "பி.எஸ்ஸி. நர்ஸிங் உண்டா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சின்ன கிளினிக்குகளில் அனுபவம் கேட்டார்கள். யாராவது வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? அலுத்துப்போய், கரமனையில் இருந்த ஒரு ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் பெயர் கொடுத்தேன்.

முதல் வீடே ஸ்ரீவராகத்தில், அக்ரஹாரத் தெருவில். எழுபது தாண்டிய மாமிக்குப் பக்கவாதம். வலது பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ட்யூப் போட்டு ஆகாரம் கொடுத்தார்களாம். மாமி அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட, நன்றாயிருந்த இடது கையையும் கட்டிலோடு கட்டி வைத்தார்களாம். விழுங்க முடிகிறது என்று தெரிந்த பிறகுதான் ட்யூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மகனும் மருமகளும் ஆபீஸ் போகிறவர்கள். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை மாமி என் பொறுப்பு.

முதல் நாளே சோதனை ஆரம்பித்தது. சாய்த்து உட்காரவைத்து, கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். மாமி உதட்டை இறுக மூடிக்கொண்டார். மாத்திரை கரைத்த தண்ணீர் மட்டும் இறங்கியது. மத்தியானமும் அதே கதை. ஆனால் மாலையில் மருமகள் வந்து கொடுத்தால் சாப்பிடுவார்!

"என்ன சிஸ்டரே, நான் கொடுத்தா கிண்ணம் காலியாறது. பகல்ல மட்டும் என்னாக்கும் பிரச்சினை?" என்று மருமகள் கேட்டார். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில்தான். மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். நான் வேற சாதி, என் கையால் சாப்பிட்டால் இவருக்கு ஆகாது போல. அப்படி ஒரு எண்ணம் உள்ளே வந்துவிட்டால் அப்புறம் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும். அவர் முகத்தைத் திருப்பினாலும் அதுதான், கண்ணை மூடினாலும் அதுதான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தேன், முதுகுக்குப் பவுடர் போட்டேன். மூன்று மணிக்கு ஜன்னல் வழியே வெயில் வரும். குளிர் தாக்காது என்று அந்த நேரம் பார்த்து வெந்நீரில் உடம்பு துடைத்துத் தலை வாரிவிடுவேன். ஆனால் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

மாமி மெலிந்துகொண்டே வந்தார். பத்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்தார். இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மறுபடி ட்யூப்தான் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் மாமி தன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். இருந்தாலும் வீம்பு விடவில்லை. ஏஜென்சிக்குப் போன் செய்து வேறு வீடு கேட்டேன்.

"ஒரு முதியோர் இல்லத்துல ஆள் கேட்டிட்டுண்டு. நாளைக்கு ஒரு நாள் கூட அவிட நில்லு மோளே, மாத்தித் தரேன்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார் ஏஜென்சி அம்மா.

மறுநாள் அந்தப் பக்கம் பைப் உடைந்து, எட்டு மணிக்குமேல் தண்ணீர் வராது என்றார்கள். சரி, கடைசி நாள்தானே, இருக்கிற தண்ணீரில் முதலில் துடைத்துவிடலாம் என்று ஏழேகாலுக்கே துடைத்து, துவைத்த உடுப்பு மாற்றிவிட்டேன். அப்புறம் கடமைக்குக் கஞ்சி எடுத்து வந்தேன்.

மாமி வாயைத் திறந்தார்.

ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று கிண்ணமே காலி. மறுபடி வாயைத் திறந்து காத்திருக்கிறார், பாவம்! அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"மாமி, குளிக்காம சாப்பிட மாட்டீங்களா? மூணு மணிக்குத் துடைச்ச பிறகுதானே சாயங்காலம் சாப்பிட்டீங்க! அதுதானா இத்தனை நாளும்?"

மாமியின் கண் நிறைந்து வழிந்தது. இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. "ஐயோ, என்னைய மன்னிச்சிருங்க மாமி" என்று நானும் அவர் கட்டிலில் தலை சாய்த்து அழுதுவிட்டேன்.

ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற மருமகள் ஓடிவந்து விஷயத்தைக் கேட்டார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாத்திண்டிருக்கேன், குளிக்காம ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டா. உடம்பு முடியாதவாளுக்கு ஏது ஆசாரம்னு நாங்க விட்டுட்டோம். அவா விடலையாக்கும்!"

ஏஜென்சிக்குப் போன் செய்து, முதியோர் இல்லம் வேண்டாம் என்றேன். ஏழு மாதம் அந்த வீட்டில் இருந்தேன். வந்தவுடன் வெந்நீர், அப்புறம்தான் மற்றதெல்லாம். ட்யூப் போடவே இல்லை.

அப்புறம் ஒரு டயாலிஸிஸ் சென்டரில் கொஞ்ச காலம். இப்போது வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். புது வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டார் எல்லா விவரமும் சொல்லத் தொடங்குவார்கள். நான் கட்டிலருகே போய், படுத்திருப்பவரிடமே கேட்பேன். வாயால் பதில் வராதென்று தெரிந்தாலும் கேட்பேன், முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டே கேட்பேன். பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருக்க மாமி பசியோடு கிடந்த அந்தப் பத்துப் பகல்களை இன்னும் மறக்க முடியவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சாப்பிட்டிருப்பார்.